விருப்பு வரிசை

ஊர் கூடித் தேர் இழுக்கலாம்; அதிலே குற்றமில்லை. ஆனால், ஒரு பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்பதையும் ஊர் கூடித்தான் தீர்மானிக்க வேண்டுமா? க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தன் அனுமதிக் கைந்நூலையும் வெளியிட்டுவிட்டால், எங்கள் ஹல்துமுல்லையில் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் என் மனத்தில் எழுகின்றது. அந்தச் சில வாரங்களில் எங்கள் ஊரில் ஆலோசகர் அல்லாதார் எவரும் இலர். பலசரக்குக் கடை முதலாளி ஒரு பல்கலைக்கழகத்தைச் சிபாரிசு செய்வார். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக் கொடுக்கும் கொமியூனிகேஷன் கடைத் தம்பி வேறொன்றைச் சொல்வார். கொழும்பிலே வேலை பார்க்கும் மாமா தொலைபேசியிற் கூப்பிட்டு இரண்டையும் மறுப்பார். பரீட்சை எழுதிய பிள்ளை மட்டும் ஒரு மூலையில் வாய் திறவாமல் நிற்கும்.

பிறரைச் சொல்வானேன்? இந்த ஆலோசகர் கூட்டத்தில் நானும் ஒருவன். கல்லூரி ஆசிரியன் என்ற காரணத்தால் என் சொல்லுக்குப் பிறர் சொல்லைக் காட்டிலும் சற்றே மதிப்பும் அதிகம். மதிப்பு அதிகமாயின் பொறுப்பும் அதிகம் என்பதை நான் காலந் தாழ்த்தியே கற்றுக்கொண்டேன். அதைக் கற்ற கதையைத்தான் இங்கே சொல்லப் புகுந்தேன்.

சில காலத்துக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு மூவர் வந்தனர். தோட்டத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தந்தை. அவருடைய மனைவியின் தம்பி. உயிரியல் விஞ்ஞானப் பிரிவிலே மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி பெற்றிருந்த மகள். மகளின் கையிற் கைந்நூல் இருந்தது. அதனுள்ளே அடையாளத்துக்காகச் செருகப்பட்ட தாள்கள் பத்துப் பன்னிரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தேநீர் அருந்தி முடிந்ததும் தந்தை அந்த நூலை மகளிடமிருந்து வாங்கி என் முன்னே வைத்தார்.

"எங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் விளங்காது சேர். நீங்களே பார்த்து வரிசையா எழுதிக் குடுத்திடுங்க. புள்ள கையெழுத்த மட்டும் போடும்" என்றார்.

"கையெழுத்தை மட்டும் போடு" என்ற இந்தச் சொற்கள் எனக்குப் புதியன அல்ல. என் வாழ்விலே அவற்றை இருமுறை கேட்டிருக்கின்றேன். முதன்முறை பிறர் சொல்லக் கேட்டேன். இரண்டாம் முறை என் வாயாலேயே சொல்லிக் கேட்டேன்.

முதன்முறை கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. 1999ஆம் ஆண்டிற் கலைப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தேன். இசட் புள்ளி முறை 2001இல் வருவதற்கு முந்திய காலம் அது. நான்கு பாடங்களில் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, அந்த மொத்தத்தைக் கொண்டே மாணவரைத் தெரிவு செய்தார்கள். எங்கள் லயத்திலே உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்த முதற் பிள்ளை நான். என் தந்தைக்குப் பல்கலைக்கழகங்களைப் பற்றித் தெரிந்தது எதுவுமில்லை. அதை அவர் குற்றம் என்று சொல்லல் ஆகாது. 1945இல் இந்நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் நிழலுக்கு வெளியேதான் நின்றன. 1970களிலேயே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட பல்லாயிரவர் வாழ்ந்த லயங்களில், பல்கலைக்கழகம் என்பது துரை பங்களாவைப் போலத் தூரத்திலிருந்து பார்க்கும் ஒரு பொருளாகவே இருந்தது.

ஆகையால் என் விண்ணப்பப் படிவத்தை எங்கள் புவியியல் ஆசிரியரே நிரப்பினார். யாழ்ப்பாணத்துக்கு அப்போது தரைவழிப் பாதை மூடப்பட்டிருந்தது. கப்பலிலோ விமானத்திலோதான் போகலாம். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் வழியெங்கும் சோதனைச் சாவடிகள். "உனக்குப் பேராதனைதான் சரி" என்று சொல்லி, தம் அழகிய கையெழுத்தால் வரிசை முழுவதையும் எழுதி முடித்து, "கையெழுத்தை மட்டும் போடு" என்று பேனாவை நீட்டினார். நான் போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்றும் எனக்குத் தெரியாது.

அவர் எழுதியது நன்மையாகவே முடிந்தது. ஹப்புத்தளையில் உடரட்ட மெனிக்கே புகையிரதத்தில் ஏறி, ஒஹிய, பட்டிப்பொல, நானுஓயா, ஹட்டன் என்று மலைகளைக் கடந்து, பேராதனைச் சந்தியிலே தகரப் பெட்டியுடன் இறங்கிய அந்த நாளை நான் மறவேன். 1942இற் கொழும்பிலே தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்து வந்தது 1952இல் என்பதும், சுவாமி விபுலாநந்தரும் பேராசிரியர் கணபதிப்பிள்ளையும் வளர்த்த தமிழ்த்துறை அங்கே இருந்தது என்பதும் பின்னர் நான் அறிந்தவை. அன்று நான் கண்டது ஹந்தானை மலையும் மகாவலி ஆறும் எங்கள் ஊரைப் போலவே படிந்திருந்த மூடுபனியும்தான். வெள்ளிக்கிழமை மாலைகளிற் குறிஞ்சிக் குமரன் கோயிலில் யாழ்ப்பாணத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் எங்கள் மலைநாட்டுப் பேச்சும் ஒன்றாகக் கலந்தன. புத்தகம் கற்பித்ததற்குக் குறையாமல் அந்தக் கோயில் வாசல் எனக்குக் கற்பித்தது.

இந்த நன்றியுணர்ச்சிதான் பின்னர் என்னைத் தவறான வழியில் இட்டுச் சென்றது. ஓர் ஆசிரியர் எனக்காக எழுதினார். நான் நன்றாக இருக்கின்றேன். ஆகவே ஆசிரியர்தான் எழுத வேண்டும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். ஒருவனுக்கு அதிர்ஷ்டத்தால் நேர்ந்ததை ஒரு விதியாக எண்ணிக்கொள்ளும் பேதைமை கற்றவருக்கும் உண்டு.

2011ஆம் ஆண்டு. என்னிடம் ஒரு மாணவன் வந்தான். கணிதப் பிரிவிற் படித்தவன். பதினாறு வயதிலேயே பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டியவன். கணினி என்றால் உணவையும் மறப்பவன். அவனுடைய புள்ளிக்கு இரண்டு வாசல்கள் திறக்கக்கூடும் என்று முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளிகளிலிருந்து தெரிந்தது. ஒன்று, பழம்பெயர் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டநெறி. மற்றது, அப்போது தொடங்கிச் சில ஆண்டுகளேயான ஒரு பல்கலைக்கழகத்திற் கணினி சார்ந்த பட்டநெறி. அவன் தயங்கித் தயங்கி இரண்டாவதைக் காட்டினான். நானோ, "நேற்று முளைத்த இடம் அது. அதன் பெயரை நாளைக்கு எவன் மதிப்பான்?" என்று சொல்லிவிட்டேன். பழம்பெயரை முதலாவதாக எழுதினேன். அழகாகவே எழுதினேன். "கையெழுத்தை மட்டும் போடு, தம்பி" என்றேன்.

எங்கள் நாட்டு அனுமதி முறையிலே விருப்பு வரிசை என்பது வெறும் ஆசைப்பட்டியல் அன்று. ஒரு பட்டநெறியும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்ததே ஒரு விருப்பு. வரிசையில் மேலிருந்து கீழே வரும்போது ஒரு மாணவனின் புள்ளி எந்த விருப்பை முதலில் எட்டுகின்றதோ, அதுவே அவனுக்குக் கிடைக்கும். அதற்குக் கீழே எழுதியவை அத்துடன் ஒழிந்தன. ஒரு பட்டநெறிக்குப் பதிவு செய்துகொண்டவன் மறு ஆண்டில் மீண்டும் விண்ணப்பிக்கவும் இயலாது. ஆகவே, ஒரு வரியை மேலே எழுதுவதா, கீழே எழுதுவதா என்பது நான்கு ஆண்டுகளின் வாழ்வு. சில வேளைகளில் நாற்பது ஆண்டுகளின் வாழ்வு.

அந்த மாணவனுக்கு நான் எழுதிய முதல் வரியே கிடைத்தது. ஊர் மகிழ்ந்தது, கோயிலில் அர்ச்சனை நடந்தது. இரண்டாம் ஆண்டின் நடுவில் அவன் படிப்பை விட்டு வந்துவிட்டான். பல்கலைக்கழகத்தின் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே படித்தவர் எத்தனையோ பேர் சிறந்து விளங்குகின்றனர். அவனுக்கு அந்தப் படிப்பிலே மனம் ஒட்டவில்லை, அவ்வளவே. கொழும்பிலே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பல ஆண்டுகள் இரவு வகுப்புகளுக்குச் சென்று கணினிக் கல்வியைத் தன் கைக்காசிலே கற்றான். இன்று அவன் நலமாக இருக்கின்றான். ஆயினும், அரசாங்கச் செலவிலே பகல் வெளிச்சத்திற் கற்றிருக்க வேண்டியதை, உழைத்துக் களைத்த உடலோடு இரவிலே கற்கும்படி ஆனது யாரால்?

ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் என்னையும் பார்க்க வந்தான். என் குற்றத்தை நானே எடுத்துச் சொன்னேன். அவன் என்னைத் தேற்றினான். "நீங்க நல்லதுக்குத்தானே சேர் சொன்னீங்க" என்றான். அவன் கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இவ்வளவும் என் மனத்தில் ஓடி முடிவதற்குள் என் முன்னே வைத்த கைந்நூலைத் தந்தை இன்னும் சற்றே என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் தொடவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்து, "உனக்கு எது விருப்பம், அம்மா?" என்று கேட்டேன்.

அவள் தந்தையைப் பார்த்தாள்; மாமாவைப் பார்த்தாள்; பிறகு தரையைப் பார்த்தாள். "தெரியல சேர். யாரும் என்கிட்ட கேட்கல" என்றாள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னொரு தரம் சோதனை எழுதட்டும் சேர். எப்படியாவது டொக்டராக்கிப் போடணும்" என்றார். தந்தைக்கோ பிள்ளையின் வயது போகின்றதே என்ற கவலை. வீட்டில் இருந்த தாயின் கருத்தையும் அவரே சொன்னார்: பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமே போதும், ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பேருந்திற் போய், பிள்ளையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பலாம் என்று அவர் சொன்னாராம்.

தாயின் எண்ணத்தை நகைத்து ஒதுக்கல் தகாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், எங்கள் பிரதேசத்தின் கொஸ்லந்தைப் பகுதியிலே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியது. அன்று காலையிற் பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் உண்டு. அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. அதற்குப் பின்னர், அடைமழை பிடித்து மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டால், எங்கள் பக்கத்து லயங்களில் இரவில் உறக்கம் கிடையாது. பாயையும் துணிமூட்டையையும் எடுத்துக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்கோ கோயிலுக்கோ போய்விடுகின்றனர். இத்தகைய இடத்திலே வாழும் தாய், பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பேயன்றோ? ஆனால் அந்தத் தாயின் மகளுக்கும் ஓர் அச்சம் இருக்கும் என்பதை எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தான் தூரப் போன பின்னர் மழை பெய்தால் தாயை எழுப்பி அழைத்துச் செல்வார் யார் என்ற அச்சமே அது. பின்னர் அவளே இதை என்னிடம் சொன்னாள்.

நான் அன்றைக்கு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. கைந்நூலை அவளிடமே கொடுத்து, ஒரு வார காலத் தவணையும் கொடுத்தேன். கூடவே மூன்று வேலைகளையும் கொடுத்தேன். தனக்குக் கிடைக்கக்கூடிய ஒவ்வொரு பட்டநெறியிலும் நான்கு ஆண்டுகளும் என்ன கற்பிக்கப்படுகின்றது என்று பார்த்து எழுதவேண்டும். அங்கே இப்போது படிக்கும் ஒருவரிடமாவது பேசவேண்டும். விடுதி, சாப்பாடு, பேருந்து, புத்தகம் எல்லாவற்றுக்கும் மாதம் என்ன செலவாகும், மகாபொல உதவி கிடைத்தால் அதில் எவ்வளவு ஈடாகும் என்று வீட்டாரோடு இருந்து கணக்குப் பார்க்க வேண்டும். இவை முடிந்தபின் வரிசையை அவளே எழுதிக்கொண்டு வரவேண்டும்.

மாமாவுக்கு என் மீது அதிருப்தி. ஆசிரியரிடம் வந்தும் வேலை முடியவில்லையே என்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

அவர்கள் புறப்படுமுன் நான் சில விளக்கங்களைச் சொல்லிவைத்தேன். இதைப் படிக்கும் மாணவருக்கும் பயன்படக்கூடுமாதலால் இங்கேயும் சொல்கின்றேன்.

முதலாவது, எட்டாததை மேலே எழுதினால் எட்டுவதும் கைநழுவிப் போய்விடும் என்று அஞ்சுவோர் பலர். அது தவறு. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்குத்தான் போகின்றார்கள். ஆகவே முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளியைக் கண்டு பயந்து, மிகவும் விரும்பியதைக் கீழே தள்ள வேண்டியதில்லை. இரண்டாவது, கலைப்பிரிவு நீங்கலான பெரும்பாலான பட்டநெறிகளுக்கு, 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 வீதமானவை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானவை கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நமது பதுளை மாவட்டம் அந்த 16இல் ஒன்று. 1970களில் தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் வந்தபோது வடபகுதித் தமிழ் மாணவர் பட்ட துயரத்தை நாம் மறக்கலாகாது. அதே மாவட்ட முறை இன்று லயத்துப் பிள்ளைக்கு ஓர் ஏணியாக நிற்பதையும் மறைக்கலாகாது. மூன்றாவது, விஞ்ஞானப் பட்டநெறிகள் யாழ்ப்பாணத்திலாயினும் பதுளையிலாயினும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. தமிழூருக்குப் போனால் தமிழிலே படிக்கலாம் என்று விஞ்ஞான மாணவர் எண்ணிச் செல்வது ஏமாற்றத்தையே தரும். எங்கே போனாலும் ஆங்கிலம் வேண்டும். அதற்கான ஆயத்தத்தை இன்றே தொடங்குவது நன்று.

ஹல்துமுல்லை இருக்கும் இடத்தையும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் கடைவீதியின் நடுவே செல்வது கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் பெருஞ்சாலை. மேற்கே இறங்கினால் பெலிஹுல்ஓயாவில், 1995இல் நிறுவப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகம். கொழும்புக்குப் போகும் எங்கள் பேருந்துகள் அதன் ஓரமாகவே செல்கின்றன. பெரகலையில் மலையேறி வடக்கே போனால் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம். இன்னும் அப்பால் பேராதனை. கிழக்கே அதே சாலையின் முடிவில் மட்டக்களப்பு. அதற்கும் அப்பால் வந்தாறுமூலை. என் தந்தையின் காலத்திலே வழியே இல்லாதிருந்த ஊர், இன்று வழிகளின் நடுவில் இருக்கின்றது. வழி ஒன்றுமில்லாதபோது கைபிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டியிருந்தது. வழிகள் பலவாகிய பின்னரும் கையை விடாமற் பிடித்துக்கொண்டிருந்தால் பிள்ளை நடப்பது எப்போது?

அடுத்த ஞாயிறு தந்தையும் மகளும் வந்தனர். இம்முறை தாயும் வந்திருந்தார். அந்த ஒரு வாரத்தில் வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, தாயும் மகளும் பதுளைக்கே போய்வந்து விட்டனராம். பசறை வீதியிலுள்ள பல்கலைக்கழக வாசலில் நின்று, அங்கே படிக்கும் பூனாகலைப் பக்கத்துப் பெண் ஒருத்தியைச் சந்தித்துப் பேசியிருக்கின்றார்கள். மகள் படிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, தாய் அந்தக் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்த மேட்டைப் பார்த்து, "இந்த மலை சரியாதா, புள்ள?" என்று கேட்டாராம். இதைச் சொல்லி மகள் சிரித்தாள். தாயும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் நான்காக மடித்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நான் எதிர்பாராத வரிசை அது. முதலாவது வரியில் ஊவா வெல்லஸ்ஸவின் தேயிலைத் தொழில்நுட்பப் பட்டநெறி. இரண்டாவதிற் பேராதனை விவசாயம். அடுத்தது யாழ்ப்பாணத்தில் உயிரியல் விஞ்ஞானம். அதற்குப் பின் இன்னும் சில. மருத்துவம் எங்கேயும் இல்லை. "எட்டாததையும் மேலே எழுதலாம் என்றேனே?" என்று கேட்டேன். "அது மாமாவோட ஆசை சேர்" என்றாள்.

தந்தையின் முகம் வாடியிருந்தது. இந்த வரிசை அவருக்கு வழியிலேதான் தெரிந்திருக்க வேண்டும். மெல்லிய குரலில், "மூணு தலைமுறையா தேயிலைக்குக் கீழ கிடந்தோம் சேர். இந்தப் புள்ளையாவது அத விட்டு வெளிய போகட்டும்னுதான் படிக்க வச்சோம். படிச்சும் தேயிலைதானா?" என்றார்.

அவருடைய கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அது வெறும் பிடிவாதமன்று. மூன்று தலைமுறைகளின் வலி. நான் அவருக்குச் சார்பாகப் பேசினால் மகளின் பேனாவைப் பிடித்தவனாவேன். மகளுக்குச் சார்பாகப் பேசினாலும் அவ்வாறே. ஆகவே, "ஏனம்மா இதை முதலில் எழுதினாய் என்று அப்பாவிடம் சொல்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் என்னிடம் பேசுவதை விட்டுத் தந்தையின் பக்கம் திரும்பினாள். சிறுபிள்ளையாக இருந்தபோது மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்த் தொழிற்சாலை வாசலில் நிற்பாளாம். உள்ளே, வாட்டி உருட்டிய கொழுந்து பச்சை நிறம் மாறிச் செப்பு நிறமாகும் பகுதியிலே தந்தைக்கு வேலை. எப்போது பதம் வந்தது என்று எப்படித் தெரியும் என்று அவள் ஒருநாள் கேட்டாளாம். "வாசத்துல தெரியும்" என்றாராம் அவர். பல ஆண்டுகள் கழித்து இரசாயன வகுப்பிலே, இலையிலுள்ள பொருள்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மாறுவதால்தான் தேயிலைக்கு அந்த நிறமும் மணமும் வருகின்றன என்று ஆசிரியை சொன்னபோது, வகுப்பிலே தனக்கு மட்டும் அந்த வாசனை வந்ததாம்.

"அந்த வாசத்துல என்னென்ன இருக்குன்னு அங்க படிப்பிக்கிறாங்கப்பா. உங்களுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியணும். அது ஏன்னும் தெரியணும்" என்றாள்.

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "வாசத்தக்கூடப் படிப்பிக்கிறாங்களா சேர்?" என்று கேட்டார். ஆம் என்றேன். தாம் இருபத்தைந்து ஆண்டுகள் செய்த வேலைக்குள்ளே ஒரு கல்வி இருந்தது என்பதை அவர் அன்றைக்குத்தான் அறிந்தார் போலும். அவர் மனம் முழுவதும் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். எழுந்து போகும்போது, "அது இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். அது சம்மதமா, வருத்தமா என்று என்னால் இன்றும் பிரித்தறிய இயலவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம், பெற்றோரின் சம்மதங்களிற் பெரும்பாலானவை அவ்வாறே இருக்கின்றன.

அவள் எழுதியதுதான் சிறந்த வரிசை என்று நான் வாதிட வரவில்லை. இன்னொரு பிள்ளை பேராதனையையோ, யாழ்ப்பாணத்தையோ, மருத்துவத்துக்காக மறுமுறை பரீட்சையையோ தெரிந்துகொண்டால் அதுவும் சரியாக இருக்கலாம். இந்தப் பிள்ளையின் தெரிவேகூட நாளைக்குத் தவறாகலாம். ஆனால், தானே ஆராய்ந்து தானே எழுதிய தவறைத் திருத்திக்கொள்ளும் வல்லமை மனிதனுக்கு உண்டு. பிறர் எழுதிக் கொடுத்த தவறை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் திகைத்து நிற்கின்றான். பிறர் எழுதிக் கொடுத்த நன்மையையும், என்னைப் போல, தவறாக விளங்கிக்கொள்கின்றான்.

ஆகையாற் பெற்றோருக்கும் என் போன்ற ஆசிரியருக்கும் ஒன்று சொல்வேன். நாம் விளக்கைப் பிடிப்போம். வழியிலுள்ள மேடு பள்ளங்களைக் காட்டுவோம். செலவையும் தூரத்தையும் மறைக்காமற் சொல்வோம். நமக்கிருக்கும் அச்சத்தையும் அச்சம் என்றே சொல்வோம். பேனாவைப் பிள்ளையின் கையில் விட்டுவிடுவோம். மாணவருக்கும் ஒன்று சொல்வேன். "தெரியாது" என்று சொல்வதில் வெட்கமில்லை. தெரிந்துகொள்ள ஒரு வாரம் கேளுங்கள். கேட்டுப் பெற்ற அந்த வாரத்தை வீணாக்காதீர்கள்.

இதை எழுதும் வேளையில் அந்தப் பிள்ளைக்குரிய வெட்டுப்புள்ளிகள் வெளிவரவில்லை. எது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் விட்டுச்சென்ற தாள் மட்டும் என் மேசையில் இருக்கின்றது. அதிலே அழித்து எழுதிய அடையாளங்கள் நிறைய இருக்கின்றன. முதலாவது வரியில் மட்டும் நான்குமுறை அழித்திருக்கின்றாள். 1999இல் எனக்காக எழுதப்பட்ட வரிசையிலும், 2011இல் நான் அந்த மாணவனுக்கு எழுதிக் கொடுத்த வரிசையிலும் ஓர் அழிப்புக்கூட இருந்ததில்லை. மிகவும் சுத்தமான தாள்கள் அவை.